ஒயின்ல சல்ஃபர்: எதைப் போடறது, எப்போ போடறது, போடாமலே விட்டா என்ன?

வீட்ல ஒயின் போட ஆரம்பிச்ச யாரா இருந்தாலும் கொஞ்ச நாள்ல இந்தக் கேள்வியில வந்து நிப்பாங்க, ஒயின் கெட்டுப் போகாம காக்கற சல்ஃபைட்டை, அதாவது சல்ஃபர் மருந்தை, போடணுமா வேண்டாமா. போடறதுன்னு முடிவு பண்ணிட்டா அடுத்து பவுடரா மாத்திரையா, திராட்சையை நசுக்கும்போதா இல்ல எல்லாம் முடிஞ்சப்புறமா, எவ்ளோ போடறதுன்னு வரிசையா கிளம்பும். ஆளுக்கொரு பதில் சொல்வாங்க, பாதிப் பேர் "கேலனுக்கு ஒரு மாத்திரை" கட்சி, மீதிப் பேர் "கெமிக்கலே கூடாது" கட்சி. ரெண்டு கட்சிக்காரங்களும் உங்க ஒயினோட பிஎச் (புளிப்பைக் காட்டற எண், எண் குறைஞ்சா புளிப்பு ஜாஸ்தி) என்னன்னு மட்டும் கேக்கவே மாட்டாங்க. என்னைக் கேட்டா அதைக் கேக்காம இந்த ஒப்பீட்டை ஆரம்பிக்கவே கூடாது.

நான் எழுதறது கலிஃபோர்னியா நிலவரத்தை வச்சு. செப்டம்பர் வந்தா லோடை பக்கத்துத் தோட்டங்கள்ல இருந்து ஜின்ஃபண்டெல்ங்கற ரெட் ஒயின் திராட்சை வாங்கிட்டு வந்து கராஜ்ல ஒயின் போடற ஆட்கள் பே ஏரியாவுல கொஞ்சம் பேர் இருக்கோம். இங்க 1978ல வந்த சட்டப்படி வீட்டு உபயோகத்துக்கு ஒரு பெரியவருக்கு வருஷத்துக்கு 100 கேலன், ரெண்டு பெரியவங்க இருக்கற வீடுன்னா 200 கேலன் வரைக்கும் வரி கட்டாம போட்டுக்கலாம், விக்கத்தான் கூடாது. லோடை வெயில் ஊர், ஜின்ஃபண்டெல்லோ ஒரே கொத்துல பச்சைக் காயும் சுருங்கின கிஸ்மிஸும் சேர்ந்து தொங்கற ரகம், அதனால சர்க்கரை ஏறி புளிப்பு இறங்கி பிஎச் 3.7, 3.8ன்னு வந்து நிக்கறது சகஜம். சல்ஃபர் கணக்குக்கு இதைவிடக் கஷ்டமான பரீட்சை கிடையாது, அதான் இதையே உதாரணமா எடுத்துக்கறேன்.

சல்ஃபர் டையாக்ஸைடு, சுருக்கமா எஸ்ஓ2, ஒயினுக்குள்ள போனதும் எல்லாமே வேலை செய்யாது. ஒரு பங்கு அசிட்டால்டிஹைட் (நொதிக்கும்போதும் ஒயின்ல காத்து படும்போதும் உண்டாகற பொருள்), சர்க்கரை, ரெட் ஒயினோட நிறப்பொருள் இதுங்களோட போய் ஒட்டிக்கும், அதுக்குப் பேர் பவுண்ட், காவல் வேலைக்கு அது கிட்டத்தட்ட செத்த மாதிரிதான். ஒட்டாம மிச்சம் நிக்கறது ஃப்ரீ. ரெண்டையும் கூட்டினா டோட்டல், சட்டம் பாக்கறது இந்த டோட்டலை. சரி ஃப்ரீயாவது முழுசா வேலை செய்யுமான்னா அதுவும் இல்ல, அதுல பெரும்பகுதி பைசல்ஃபைட்டா இருக்கும், அது நிறம் பழுப்பாகாம பாத்துக்கவும் அசிட்டால்டிஹைடைப் பிடிச்சு வைக்கவும் உதவும், கிருமியை ஒண்ணும் பெருசா பண்ணாது. கிருமியோட செல்லுக்குள்ள பூந்து அடிக்கறது மாலிகுலர்னு சொல்ற ஒரு துளிப் பங்கு மட்டும்தான், அந்தத் துளி எவ்ளோ பெருசுங்கறதை பிஎச்தான் முடிவு பண்ணுது. பிஎச் 3.0ல ஃப்ரீயில 6 சதவீதம் மாலிகுலரா இருக்கும், 3.5ல 2 சதவீதம், 4.0 போனா 0.6 சதவீதம் சொச்சம்.

இதை பிபிஎம்மா, அதாவது லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம்னு, மாத்திப் பாத்தாத்தான் உறைக்கும். வொயிட் ஒயினுக்கு மாலிகுலர் 0.8 வேணும்னு பொதுவா வச்சுக்கறாங்க, ரெட்ல டானின் (திராட்சைத் தோல், விதையில இருந்து வர்ற துவர்ப்பு) துணைக்கு இருக்கறதால 0.5 போதும்னு நிறையப் பேர் நிறுத்திக்கறாங்க. 0.8 கிடைக்க பிஎச் 3.2ல ஃப்ரீ 20 பிபிஎம் இருந்தாப் போதும், 3.5ல 40 வேணும், 3.8ல கிட்டத்தட்ட 79. ஃப்ரீ அந்த அளவுக்குப் போச்சுன்னா கிளாஸை மூக்குகிட்ட கொண்டு போகும்போதே சுள்ளுனு ஏறும். 0.5 கணக்குக்கே 3.6ல 31, 3.8ல 49. ஒரே தோட்டத்துத் திராட்சை, ஒரே ஆளு போட்டது, பிஎச் 0.2 தள்ளினதுக்கே மருந்து ஒன்றரை மடங்கு ஆயிடுது பாருங்க. அப்புறம் "கேலனுக்கு ஒண்ணு"ன்னு என்ன கணக்கு அது?

அதனால முதல் ஒப்பீடு பவுடரா மாத்திரையாங்கறது இல்ல, சல்ஃபரை ஏத்தறதா பிஎச்சை இறக்கறதாங்கறதுதான். திராட்சையிலயே இருக்கற புளிப்பான டார்டாரிக் ஆசிட்டை லிட்டருக்கு 1 கிராம் போட்டா பிஎச் சுமாரா 0.1 இறங்கும், திராட்சையில பொட்டாசியம் ஜாஸ்தின்னா அவ்ளோ இறங்காது, அதனால முதல்ல ஒரு லிட்டர் ஜூஸ்ல போட்டுப் பாத்துட்டு மொத்தத்துல கை வைங்க. நொதிக்கறதுக்கு முன்னாடியே போட்டுட்டா புளிப்பு ஒயினோட கலந்து போயிடும், பின்னாடி போட்டா நாக்குல தனியாத் தெரியும். 3.8ல வந்ததை 3.6க்கு இறக்கினா ரெட்டுக்கு வேண்டிய ஃப்ரீ 49ல இருந்து 31க்கு வந்துடுது, நிறமும் நல்லா நிக்கும், கெட்ட பாக்டீரியாவுக்கும் அந்த இடம் பிடிக்காது. ஆசிட் சேக்கறது இயற்கைக்கு விரோதம்னு ஒரு கோஷ்டி இருக்கு, அவங்க சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு, சீக்கிரமே பறிச்சிருந்தா இது தேவைப்பட்டிருக்காதுதான். ஆனா பறிச்சு கராஜுக்கு வந்தாச்சு, இனி அதைப் பேசி என்ன, ஆசிட்டா சல்ஃபரான்னு வந்தா நான் ஆசிட் பக்கம்தான்.

இப்போ எந்த ரூபத்துல போடறதுங்கற கதைக்கு வருவோம். பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் பவுடர்தான் நான் எல்லாருக்கும் சொல்றது, நம்ம ஊர்ல ஸ்குவாஷ், தக்காளி ஜூஸ் போடறவங்க கேஎம்எஸ்னு வாங்கற அதே சரக்குதான். எடையில 57.6 சதவீதம் எஸ்ஓ2. 19 லிட்டர் கண்ணாடி ஜாடிக்கு 50 பிபிஎம் சேக்கணும்னா 19ஐ 50ஆல பெருக்கினா 950 மில்லிகிராம், அதை 0.576ஆல வகுத்தா 1.65 கிராம் பவுடர், கணக்கு அவ்ளோதான். டப்பா மூடியைத் திறந்ததும் தீக்குச்சி கிழிச்ச வாடை அடிக்கும், அடிக்கலைன்னா அந்தப் பவுடரை நம்பாதீங்க. இவ்ளோ சின்ன எடையைக் கால் டீஸ்பூன்னு அள்ளறது எனக்குப் பிடிக்காது, பவுடர் கொஞ்சம் ஈரம் வாங்கிக் கட்டி தட்டியிருந்தா ஒரே ஸ்பூன்ல பிடிக்கற எடையே மாறிப் போகும். நகைத் தராசு மாதிரி 0.01 கிராம் காட்டற குட்டித் தராசு ஒண்ணு வாங்கிடுங்க. இல்லாட்டி 10 கிராம் பவுடரைத் தண்ணியில கரைச்சு மொத்தம் 100 மில்லி ஆக்கி வச்சுக்கிட்டு சிரிஞ்ச்ல எடுத்து விடுங்க, 19 லிட்டர்ல ஒவ்வொரு மில்லிக்கும் 3 பிபிஎம் ஏறும், கணக்கு சுலபம். அந்தக் கரைசலை வாரக்கணக்கா வச்சிருக்காதீங்க, வேணுங்கறப்போ புதுசா கரைச்சுக்கறதுதான் நல்லது.

கேம்டன் மாத்திரையும் அதே மருந்துதான், அழுத்தி மாத்திரையா ஆக்கினது. இங்கிலாந்துல சிப்பிங் கேம்டன் ஊர்ல இருந்த பழம் காய்கறி பதப்படுத்தற ஆராய்ச்சி நிலையத்துல இருந்து வந்த பேரு. ஒரு மாத்திரை சுமார் 0.44 கிராம், பொட்டாசியம் ரகம்னா அமெரிக்கக் கேலன் 3.8 லிட்டருக்கு 67 பிபிஎம் குடுக்கும், சோடியம் ரகம்னா 78, பிரிட்டிஷ் கேலன் 4.5 லிட்டர்ங்கறதால அங்க எழுதின ரெசிப்பியில பொட்டாசியம் மாத்திரை 56 பிபிஎம்தான் ஆகும். பாருங்க, "கேலனுக்கு ஒண்ணு"ங்கற ஒரே வாக்கியத்துல மூணு வேற வேற டோஸ் ஒளிஞ்சிருக்கு, இதுல பிஎச் இன்னும் வரவே இல்ல. ஒரே ஒரு கேலன் போடறவங்களுக்கு மாத்திரை வசதிதான், ஒத்துக்கறேன், 0.3 கிராம் நிறுக்கறதைவிட மாத்திரையைப் பாதியா உடைக்கறது சுலபம். ஆனா முழுசா உள்ள போட்டா அடியில உக்காந்து மெல்லத்தான் கரையும், ரெண்டு கரண்டிக்கு நடுவுல வச்சு நல்லா நுணுக்கிட்டுப் போடுங்க.

சோடியம் மெட்டாபைசல்ஃபைட்டை ஒயின்ல போடலாமான்னு அடிக்கடி கேக்கறாங்க, அதுல எஸ்ஓ2 இன்னும் கூட, 67 சதவீதம், விலையும் குறைச்சல். 50 பிபிஎம் போட்டா லிட்டருக்கு 18 மில்லிகிராம் சோடியம் சேரும், நாக்குல உப்புக் கரிக்கற அளவெல்லாம் இல்ல. ஆனாலும் பொட்டாசியம் திராட்சையிலயே லிட்டருக்கு ஒரு கிராம் கிட்ட இருக்கற சரக்கு, சோடியத்தை வெளியில இருந்து எதுக்குக் கொண்டு வரணும்? சோடியத்தைக் கொஞ்சம் சிட்ரிக் ஆசிட்டோட தண்ணியில கரைச்சு பாட்டில், குழாய் கழுவறதுக்கு வச்சுக்கோங்க, கதவைத் திறந்து வச்சுட்டுத்தான் கழுவணும், ஆஸ்துமா இருக்கறவங்க அந்தப் பக்கமே வராதீங்க.

தண்ணியில போட்டதும் நுரைக்கற மாத்திரை ஒண்ணு இருக்கு, மெட்டாபைசல்ஃபைட்டோட பொட்டாசியம் பைகார்பனேட் சேத்தது, 2 கிராம், 5 கிராம் எஸ்ஓ2 அளவுல வரும். 225 லிட்டர் ஓக் பேரலுக்குன்னே பண்ணினது, 5 கிராம் போட்டா 22 பிபிஎம், நுரைச்சுக்கிட்டே தானா கலந்துக்கும், பேரல் பேரலா நின்னு கிண்டற வேலை மிச்சம். அதை நம்ம 19 லிட்டர் ஜாடியில போட்டா சின்ன மாத்திரையே 105 பிபிஎம் ஆயிடும், அதனால பேரல் வச்சிருக்கறவங்க மட்டும் யோசிங்க.

கந்தகத் திரி கதை கேக்க ரொம்ப நல்லா இருக்கும். டச்சு வியாபாரிங்க பிரான்ஸோட ஒயின் துறைமுகமான போர்தோவுல பேரலுக்குள்ள கந்தகத் திரியைக் கொளுத்திப் புகை போட்டு ஒயினைக் கப்பல்ல ஏத்தினாங்க, அதனால பிரெஞ்சுக்காரங்க அதுக்கு "டச்சுத் தீக்குச்சி"ன்னே பேரு வச்சிருந்தாங்க. இன்னைக்கும் காலியா இருக்கற பேரலைப் பாதுகாக்க இதை அடிச்சுக்க வேற ஆளில்ல, கழுவி நல்லா வடிய விட்டு கம்பியில திரியை மாட்டி எரிய விட்டு அடைச்சு வச்சா மரத்துக்குள்ள கெட்டது எதுவும் குடியேறாது, மாசத்துக்கு ஒருக்கா மறுபடி கொளுத்தணும். ஆனா ஒயினுக்கு டோஸ் குடுக்க இது ஆகவே ஆகாது. எவ்ளோ எரிஞ்சது, அதுல எவ்ளோ ஒயின்ல இறங்குச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. அதைவிட மோசம், திரியில இருந்து எரியாத கந்தகம் மஞ்சளா உருகி அடியில சொட்டி நிக்கும், அந்தப் பேரல்ல நொதிக்கற ஒயினை ஊத்தினா ஈஸ்ட் அதை ஹைட்ரஜன் சல்ஃபைடா மாத்தி அழுகின முட்டை வாடையைக் கிளப்பி விட்டுடும். சொட்டுப் பிடிக்கற கிண்ணம் வச்ச திரிதான் வாங்கணும். சிலிண்டர்ல வர்ற எஸ்ஓ2 வாயு பெரிய ஒயினரிக்கான சமாச்சாரம், வீட்டுப் பக்கம் கொண்டு வராதீங்க.

எப்போ போடறதுங்கறதுதான் எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச பகுதி, சண்டையும் இங்கதான் ஜாஸ்தி. ஒரு வழி, திராட்சையை நசுக்கின உடனே 30ல இருந்து 50 பிபிஎம் போடறது. காட்டு ஈஸ்ட், வினிகர் பாக்டீரியா எல்லாம் கொஞ்சம் அடங்கும், வெட்டி வச்ச ஆப்பிளைப் பழுப்பாக்கற அந்த என்ஸைமும் படுத்துக்கும், ஒரு நாள் விட்டு நம்ம ஈஸ்டைப் போட்டா களம் அதோடது. இன்னொரு வழி, அப்போ ஒண்ணுமே போடாம நல்ல ஈஸ்டைத் தாராளமா உடனே போட்டு நொதிக்க விட்டுட்டு, பின்னாடி மேலோலாக்டிக்கும் (பாக்டீரியா கடுமையான மேலிக் ஆசிட்டை மென்மையான லாக்டிக் ஆசிட்டா மாத்தற ரெண்டாவது கட்டம்) முடிஞ்சப்புறம் முதல் டோஸைப் போடறது. ரெட் ஒயின்ல இந்த ரெண்டாவது வழிக்கு ஒரு பெரிய லாபம் இருக்கு. முதல்ல போட்ட 50 நொதிச்சு முடியறதுக்குள்ள அத்தனையும் பவுண்ட் ஆயிடும், காவலுக்கும் ஆகாது, ஆனா டோட்டல் கணக்குல மட்டும் குந்திக்கிட்டு இருக்கும், போதாக்குறைக்கு அந்த பவுண்ட் எஸ்ஓ2வே மேலோலாக்டிக் பண்ற ஓனோகாக்கஸ் பாக்டீரியாவை முடக்கிப் போட்டுடும், டோட்டல் 50 தாண்டினாலே அது திணற ஆரம்பிக்கும். அதனால திராட்சை சுத்தமா, குளுகுளுன்னு வந்திருந்தா ரெட்ல நசுக்கும்போது போடாதீங்கன்னுதான் நான் சொல்வேன்.

சுத்தமா வரலைன்னா வேற பேச்சு. சாயங்கால வெயில்ல பறிச்சு, பெட்டிக்கு அடியில ஜூஸ் ஒழுகி, வினிகர் வாடையும் பழ ஈயும் சேர்ந்து வந்து இறங்கின சரக்குன்னா மேலோலாக்டிக் பத்திக் கவலைப்பட இது நேரமே இல்ல, அழுகினதைப் பொறுக்கி வீசிட்டு 50 போட்டுடுங்க. வொயிட்டுக்கும் நான் முதல்லயே போடற கட்சிதான், வாசனை போயிடக் கூடாதுங்கறதால. ஷார்டனே மாதிரி சில ரகத்துக்கு ஜூஸை வேணும்னே சல்ஃபர் இல்லாம காத்துல பழுப்பாக விட்டு, பழுப்பாகறதெல்லாம் நொதிக்கும்போதே அடியில தங்கிட விடற முறையும் இருக்கு, பாக்கத் திகிலா இருக்கும், ஜூஸ் டீ டிகாஷன் நிறத்துக்குப் போயிட்டு நொதிச்சப்புறம் தெளிஞ்சு வரும். சாவிஞ்ஞோன் ப்ளாங்க்ல அதைப் பண்ணினீங்கன்னா வாசனைக்கு முழுக்குத்தான்.

மேலோலாக்டிக் முடிஞ்ச உடனேயா, கொஞ்சம் பொறுத்தா? அந்த பாக்டீரியா மேலிக் ஆசிட் தீர்ந்தப்புறம் அசிட்டால்டிஹைடையும் சாப்பிடும், அதனால ஒரு வாரம் பொறுத்தா ஒட்டிக்கற சரக்கே குறைஞ்சு போய், கம்மி சல்ஃபர்ல அதே ஃப்ரீ கிடைக்கும். பிஎச் 3.5 மாதிரி இருந்தா தைரியமா பொறுக்கலாம். 3.8ல பொறுத்தா அந்த ஒரு வாரம் நமக்கு மட்டுமில்ல, ப்ரெட்டுக்கும்தான் கிடைக்குது. ப்ரெட்னா ப்ரெட்டனோமைசிஸ், குதிரை லாயம், ஸ்டிக்கிங் பிளாஸ்டர் வாடை குடுக்கற ஈஸ்ட், பேரல் மரத்துக்குள்ள பூந்துட்டா கிளப்பவே முடியாது. பிஎச் அதிகமா இருந்தா நான் காத்திருக்க மாட்டேன்.

போடற அன்னைக்குக் கஞ்சத்தனம் பண்ணக் கூடாது, இதை அடிச்சுச் சொல்வேன். பயந்து பயந்து மாசம் 10, 15ன்னு சொட்டு விடறவங்களைப் பாத்தா, வருஷக் கடைசியில அவங்க டோட்டல்தான் எல்லாரையும்விட ஜாஸ்தியா இருக்கும், ஃப்ரீ எப்பவும் தரையிலதான். காரணம் ரொம்ப சிம்பிள், முதல்ல போடறதுல பாதிக்குக் கிட்ட ஒட்டிக்கத்தான் செய்யும், ஒட்டிக்கற இடமெல்லாம் நிறைஞ்சப்புறம்தான் ஃப்ரீ மேல ஏறும். சொட்டு சொட்டா விட்டா அந்த இடத்தை நிரப்பறதுலயே மாசக்கணக்கு ஓடிடும், அந்த நாள் பூரா ஒயின் காவல் இல்லாம கிடக்கும், ஆக்ஸிஜன் உள்ள போகப் போக புது அசிட்டால்டிஹைட் உண்டாகி அடுத்த சொட்டையும் முழுங்கிடும். மேலோலாக்டிக் முடிஞ்சதும் ஒரே அடியா 60, 70 பிபிஎம் போட்டு, ரெண்டு நாள் விட்டு அளந்து, குறையறதை மட்டும் சரி பண்றவங்களுக்கு டோட்டலும் கம்மி, தூக்கமும் நல்லா வரும். இதுல ப்ரெட் விவகாரமும் சேர்ந்திருக்கு, ஆஸ்திரேலியன் ஒயின் ரிசர்ச் இன்ஸ்டிட்யூட் ஆய்வுல எஸ்ஓ2வைத் தாங்கிக்கற ப்ரெட் வகைங்க இருக்கறது தெரிய வந்துச்சு, அரைகுறை டோஸ் குடுத்துக்கிட்டே இருந்தா செத்துப் போறதெல்லாம் சாதுப்பயலுங்க, மிஞ்சறது கில்லாடிங்கதான்.

போடாமலே விடறதைப் பத்தி நக்கலா எழுத எனக்கு இஷ்டமில்ல, ஏன்னா அது ஒழுங்காப் பண்ணா நிஜமாவே அற்புதமா வருது. இதுக்கு பிரான்ஸ்ல போஜோலேதான் தாய் வீடு, ஜூல் ஷோவேன்னு ஒரு ஒயின் வியாபாரி, வேதியியலும் தெரிஞ்ச மனுஷன், அவர் வழியில போஜோலேயில இருக்கற மோர்கோன்ங்கற ஒயின் ஊர்ல மார்செல் லாப்பியர் மாதிரி ஆளுங்க சல்ஃபர் இல்லாம போட்டு உலகத்தையே திரும்பிப் பாக்க வச்சாங்க. ஆனா அவங்க சும்மா விட்டவங்க இல்ல, திராட்சையை ஒண்ணொண்ணா பொறுக்கி, குளிர வச்சு, மைக்ரோஸ்கோப்புல கிருமியைப் பாத்துப் பாத்துப் பண்ணினவங்க. லாப்பியர் குடும்பமே அதே மோர்கோனை சல்ஃபர் இல்லாம ஒண்ணு, கொஞ்சம் சல்ஃபரோட ஒண்ணுன்னு ரெண்டு விதமா பாட்டில் பண்ணிட்டு வர்றாங்க, தூரம் போற பாட்டிலுக்கு என்ன வேணும்னு அவங்களுக்குத் தெரியும். பிரான்ஸ்ல 2020ல வந்த வேன் மெத்தோட் நேச்சர்ங்கற இயற்கை ஒயின் முத்திரையும் சல்ஃபைட்டே சேர்க்காத ஒயினுக்கு ஒண்ணு, டோட்டல் 30 மில்லிகிராமுக்குள்ள நிக்கறதுக்கு இன்னொண்ணுன்னு ரெண்டு லேபிள் வச்சிருக்கு.

சல்ஃபர் இல்லாத ஒயின்ல வர்ற கோளாறுல ரொம்ப வில்லங்கமானது எலி வாடை. மோந்து பாத்தா ஒண்ணும் தெரியாது, குடிச்சா முதல்ல ஒண்ணும் தெரியாது, முழுங்கி சில விநாடி கழிச்சு எச்சிலோட கலந்து வாய் பிஎச் ஏறினதும் தொண்டைக்குப் பின்னாடி எலிக்கூண்டு வாடை கிளம்பும், சில பேருக்கு அது தெரியவே தெரியாது. அதனாலதான் போட்டவர் "சூப்பரா வந்திருக்கு"ன்னு ஊத்திக் குடுப்பார், குடிச்சவங்க மூஞ்சி அஷ்டகோணலா போகும். லாக்டிக் பாக்டீரியாவும் ப்ரெட்டும்தான் இதுக்குக் காரணம், பிஎச் ஏற ஏற வாய்ப்பும் ஏறும். பிஎச் 3.4க்குள்ள, சுத்தமான திராட்சை, குளிர்ந்த அறை, ஒரு வருஷத்துக்குள்ள குடிச்சு முடிக்கப் போறீங்கன்னா போடாம முயற்சி பண்ணிப் பாருங்க. லோடை ஜின்ஃபண்டெல் 3.8ல கராஜ் சூட்டுலன்னா வேண்டாம் சாமி.

நம்ம ஊர் கிறிஸ்துமஸ் ஒயினுக்கு இது தேவையான்னு கேக்கறவங்களுக்கு, பன்னீர் திராட்சையும் சர்க்கரையும் பட்டை கிராம்பும் போட்டு ஜாடியில ஊற வச்சு பண்டிகைக்குள்ள தீர்ந்து போற சரக்குக்கு எந்தக் காவலும் வேண்டாம். வருஷக்கணக்கா வைக்கறதுன்னாதான் இந்தப் பாடெல்லாம்.

சல்ஃபருக்குப் பதிலா வேற ஏதாவது போடலாமான்னா, முழுசா அந்த இடத்தைப் பிடிக்க ஒண்ணும் கிடையாது, ஒவ்வொண்ணும் ஒரு கால் வேலைதான் செய்யும். லைசோசைம் முட்டையில இருந்து எடுக்கறது, லாக்டிக் பாக்டீரியாவைக் கொல்லும், வினிகர் பாக்டீரியாவையும் ஈஸ்டையும் தொடாது. கைட்டோசான் ப்ரெட்டைக் கொஞ்சம் அடக்கும். அஸ்கார்பிக் ஆசிட், அதாவது விட்டமின் சி, ஆக்ஸிஜனை வேகமா பிடிச்சுக்கும், ஆனா பிடிக்கும்போதே ஹைட்ரஜன் பெராக்ஸைடை உண்டாக்கி விட்டுடும், அதைத் துடைக்க எஸ்ஓ2 பக்கத்துலயே இருக்கணும், தனியா விட்டா வேலியே பயிரை மேஞ்ச கதை. பொட்டாசியம் சார்பேட் இனிப்பு ஒயின் திரும்ப நொதிக்காம பாத்துக்கும், பாக்டீரியாவைத் தடுக்காது, சல்ஃபர் இல்லாம அதை மட்டும் போட்டா பாக்டீரியா அதையே தின்னுட்டு கசக்கின ஜெரேனியம் இலை வாடையைக் குடுக்கும், அதுக்கு வைத்தியமே கிடையாது. நசுக்கும்போது சல்ஃபருக்குப் பதிலா மெச்சினிகோவியான்னு ஒரு சாதுவான ஈஸ்டைத் தூவி இடத்தைப் பிடிக்க வைக்கறது மட்டும் எனக்குப் பிடிச்ச யோசனை, காசு கொஞ்சம் கூட.

அளக்காம இதுல எதுவும் நடக்காது. ரிப்பர்னு சொல்ற அயோடின் டைட்ரேஷன் (ஸ்டார்ச் கலந்த ஒயின்ல அயோடினைச் சொட்டு சொட்டா விட்டு, நீலம் வந்ததும் நிறுத்தி எவ்ளோ ஆச்சுன்னு பாக்கறது) மலிவு, அஞ்சு நிமிஷ வேலை, வொயிட்டுக்குப் போதும். ரெட்ல நீலம் வந்துச்சா இல்லையான்னே தெரியாது, கீழ லைட் வச்சுக்கிட்டு கண்ணைக் கசக்கணும், அது போக நிறப்பொருளோட ஒட்டினதையும் சேத்து ஃப்ரீன்னு கூட்டிக் காட்டும், இருக்கறதைவிட நல்லா இருக்கோம்னு நம்ம நம்பிடுவோம். விட்டமின் சி போட்டிருந்தா இன்னும் தப்பு. ஏரேஷன் ஆக்ஸிடேஷன் செட்டப் கொஞ்சம் கண்ணாடிச் சாமான் வேலை, 20 மில்லி ஒயின்ல பாஸ்பாரிக் ஆசிட் விட்டு காத்தை உறிஞ்சினா வர்ற எஸ்ஓ2 அந்தப் பக்கம் பெராக்ஸைடுல போய் விழுந்து பச்சையா இருந்த இண்டிகேட்டர் ஊதாவா மாறும், அப்புறம் சோடியம் ஹைட்ராக்ஸைடைச் சொட்டு சொட்டா விட்டு மறுபடி பச்சைக்குக் கொண்டு வந்து எத்தனை மில்லின்னு பாக்கறது. ரெட் போடறவங்க இதுல காசு போடலாம், இல்லாட்டி வருஷத்துல ரெண்டு தடவை லேப்புக்கு அனுப்பிடுங்க, மேலோலாக்டிக் முடிஞ்சப்போ ஒண்ணு, பாட்டில் பண்றதுக்கு முன்னாடி ஒண்ணு.

உடம்பு விஷயம் ரெண்டே வரி. ஆஸ்துமா இருக்கற சில பேருக்கு சல்ஃபைட் நிஜமாவே ஆபத்து, ரெட் குடிச்சா தலைவலிங்கறதுக்கு மட்டும் இதை ஜெயில்ல போடாதீங்க, பளபளன்னு ஆரஞ்சு நிறத்துல வர்ற உலர்ந்த ஆப்ரிகாட்ல ஒயினைவிடப் பல மடங்கு சல்ஃபைட் இருக்கு. ஈஸ்டே நொதிக்கும்போது கொஞ்சம் எஸ்ஓ2 உண்டாக்கும், அமெரிக்காவுல 10 பிபிஎம் வந்தாலே லேபிள்ல போடணும், அதனால ஒண்ணுமே சேக்காத ஒயின்லயும் அந்த வரி இருக்கலாம். மேல் வரம்பு இங்க 350, ஐரோப்பாவுல சர்க்கரை இல்லாத ரெட்டுக்கு 150, வொயிட்டுக்கு 200. ஒழுங்காப் போட்ட வீட்டு ரெட் 100க்குள்ளயே நின்னுடும்.

போன சீசன்ல பக்கத்து ஊர்ல இருக்கற மதுரைத் தம்பி ஒருத்தன் போன் பண்ணான். "அண்ணே, மருந்து ஒண்ணும் போடாம பண்ணலாம்ல?" "பிஎச் என்னப்பா வந்துச்சு?" "3.82ண்ணே." "திராட்சை எப்படி இருக்கு?" "நல்லாத்தாண்ணே இருக்கு, ஈ கொஞ்சம் மொய்க்குது." ஈ மொய்க்குதுன்னா நல்லா இல்லைன்னு அர்த்தம். அவனுக்குச் சொன்னதையே இங்கயும் சொல்றேன். அழுகினதைப் பொறுக்கி வீசிட்டு நசுக்கும்போது 40 போடு, டார்டாரிக்ல 3.6க்கு இறக்கு, மேலோலாக்டிக் பாக்டீரியா கொஞ்சம் மெதுவாத்தான் போகும், ரூமைக் கதகதப்பா வச்சுட்டுப் பொறு. அது முடிஞ்ச கையோட ஒரே தடவையா 60, அளந்து ஃப்ரீயை 30 பக்கத்துல நிறுத்து, ஜாடியில கழுத்து வரைக்கும் ஒயின் இருக்கணும். பாட்டில் பண்றதுக்கு முன்னாடி மறுபடி அளந்து அதே 30க்குக் கொண்டு வா. போடாம பாக்கணும்னு ரொம்ப ஆசையா இருந்தா மேலோலாக்டிக் முடிஞ்சதும் ஒரு கேலன் மட்டும் தனியா ஒதுக்கி, மேல கொண்டு சல்ஃபர் விடாம, ஃப்ரிட்ஜ்ல வச்சு சித்திரைக்குள்ள குடிச்சுத் தீர்த்துடு.